செவிப்பறையில் ஒரு துளை

1560ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஓர்லேயான் நகரில், பதினாறே வயதான ஓர் அரசன் உயிர் துறந்தான். இரண்டாம் பிரான்சிஸ் என்பது அவன் பெயர். அவன் முடி சூடி ஒன்றரை ஆண்டுகூட நிரம்பவில்லை. அவனுடைய இளம் மனைவிதான் ஸ்காட்லாந்தின் மேரி அரசி. கைம்பெண்ணாகிய அவள் மறு ஆண்டே தாய்நாடு திரும்பினாள்; அங்கே அரசிழந்து, இங்கிலாந்தில் நெடுங்காலம் சிறையிருந்து, 1587இல் கொலைக்களத்தில் தலை கொடுத்தாள். இத்தனைக்கும் தொடக்கமாய் நின்றது போர்க்களத்துப் புண்ணன்று. அரசனின் ஒரு காதில் இருந்த சீழ்நோயே. அது உள்ளே பரவி மூளையைத் தொட்டது; அரண்மனை வைத்தியர்கள் அருகிருந்து பார்க்கத்தான் முடிந்தது.

நேயர்களே, காது வடிதல் என்னும் இந்த நோயை நம் வீடுகளில் ஒரு நோயாகவே கருதுவதில்லை. "குழந்தைக்குக் காது வடிகிறது" என்று தாய்மார் சொல்லும்போது அக்குரலில் அச்சம் இராது. வெதுவெதுப்பான எண்ணெய் ஒரு சொட்டு, கோழி இறகால் ஒரு துடைப்பு, அவ்வளவில் காரியம் முடிந்துவிடும். "வடிவதைத் தடுக்காதே, தடுத்தால் தலைக்கு ஏறிவிடும்" என்று எச்சரித்த முதியவர்களையும் என் வைத்தியத் தொழிலில் பல முறை சந்தித்திருக்கிறேன். இது நம்மவரின் அறியாமை என்று எண்ணிவிட வேண்டா. பாரிசிலும் இலண்டனிலும் பட்டம் பெற்ற வைத்தியர்களே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இதையேதான் சொல்லி வந்தனர். காதிலிருந்து வடிவது உடலின் கெட்ட நீர் வெளியேறும் வழி என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கை எப்படித் தளர்ந்தது, செவிப்பறையில் விழும் துளைக்கும் அதன் பின்னால் நடுச்செவியில் குடிகொள்ளும் நாட்பட்ட நோய்க்கும் உள்ள உறவு எப்படித் தெளிவாயிற்று என்பதே இன்று நான் சொல்ல வந்த வரலாறு.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்வோம். காதுத் துளையின் உட்கோடியில் சற்றே சாய்வாக நிற்கும் மெல்லிய சவ்வுதான் செவிப்பறை. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கனமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய பொருளிலும் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தோல், நடுவே நார், உள்ளே ஈரமான சவ்வு. இதற்கப்பால் உள்ள சிறு அறைதான் நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி எனப் பெயர் பெற்ற மூன்று சிறு எலும்புகள் அங்கே சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. பறையின் அதிர்வுறும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. ஆகையால் காற்றில் வந்த மெல்லோசை அழுத்தம் மிகுந்து உட்செவியின் நீரை அசைக்கிறது. அந்த அறைக்கு முன்புறம் ஒரு குழாய் தொண்டையின் மேற்பகுதிக்கு இறங்குகிறது. பின்புறம், காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் மாஸ்டாய்டு என்னும் மேட்டெலும்பின் காற்றறைகளுக்கு ஒரு வழி. கூரையோ, மூளைக்கும் காதுக்கும் இடையே உள்ள மெல்லிய எலும்புத் தகடு. அதுவே இந்தச் சிற்றறையை ஆபத்தானதாக்குகிறது.

பண்டையோர் இந்நோயை அறியாதவர் அல்லர். சுசுருத சங்கிதை காது நோய்கள் 28 என எண்ணி, காது வடிவதைக் கர்ணஸ்ராவம் என்றும், நாற்றத்தோடு சீழ் வடிவதைப் பூதிகர்ணம் என்றும் பிரித்துரைக்கிறது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டஸ் மரபினர், கடும் காது வலியோடு விடாத காய்ச்சலும் சேர்ந்தால் நோயாளி பிதற்றி மாளக்கூடும் என எழுதி வைத்தனர். கண்ணால் கண்டதை அவர்கள் பிழையறச் சொன்னார்கள். காணாத இடத்தை நிரப்பியது கற்பனை. மூளையில் கட்டி, காதில் சீழ்: இரண்டும் ஒரே பிணத்தில் காணப்பட்டால் எது முந்தியது? மூளையே முந்தியது, அங்கே பழுத்தது காது வழியாகக் கீழே வடிகிறது என்பதே நெடுங்காலத் தீர்ப்பு. அப்படியானால் வடிவதைத் தடுப்பது கொலையல்லவா?

இந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியவர்கள் பிணத்தைக் கீறிப் பார்த்த உடற்கூற்று வல்லுநர்கள். பிரான்சிஸ் மன்னன் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1562இல், இத்தாலியரான பர்த்தொலொமேயோ யூஸ்டாக்கி தொண்டைக்கும் செவிக்கும் உள்ள குழாயைத் தெளிவாக எழுதிக் காட்டினார். அக்குழாய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1683இல் பாரிசில் துவெர்னே என்பவர் காதுக்கென்றே தனி நூல் இயற்றி, சீழ் பிறக்குமிடம் காதே, மூளையன்று என வாதிட்டார். 1704இல் வால்சால்வா ஓர் எளிய உபாயம் சொன்னார்: மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை வெளியே உந்தினால், குழாய் வழியே காற்று நடுச்செவிக்கு ஏறி, பறையில் துளையிருப்பவர்க்கு உள்ளிருக்கும் சீழை வெளியே தள்ளிவிடும். இன்று விமானப் பயணிகள் காது அடைப்பு நீங்கச் செய்யும் அந்த வித்தை, சீழ்க் காதைத் துப்புரவு செய்யப் பிறந்தது என்பதைப் பலர் அறியார். வால்சால்வாவின் மாணவர் மொர்கானி. அவர் தமது 79ஆம் வயதில், 1761இல் வெளியிட்ட பெருநூலில், காதுச் சீழே முந்தியது, மூளைக் கட்டி அதன் விளைவு என்பதை நிறுவினார். ஆறு மலையேறாது என்பதுபோல் எளிதாகத் தோன்றும் உண்மை. ஆயினும் அது வைத்தியரின் அன்றாட வழக்கத்துக்கு வந்து சேர மேலும் நூறு ஆண்டுகள் பிடித்தன.

இங்கே கதையில் நுழைகிறார் இலண்டன் ரண வைத்தியர் ஆஸ்ட்லி கூப்பர். பிற்காலத்தில் மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த கட்டியை அகற்றிப் பட்டம் பெற்றவர் இவரே. 1800இல் அவர் ராயல் சொசைட்டியின் முன் ஒரு மருத்துவ மாணவனின் கதையை வைத்தார். சிறு வயது முதல் அவனுக்கு இரண்டு காதிலும் சீழ். ஒரு பறை முற்றும் அழிந்து, மற்றதில் பெரும்பகுதி போயிருந்தது. செவிப்பறையே கேள்விக்கு உயிர் என்று நம்பியிருந்த காலம் அது. இந்த இளைஞனோ நண்பர் கூட்டத்தில் பேச்சைக் கேட்டு உரையாடினான். நன்றாகப் புல்லாங்குழலும் வாசித்தான்! பறை போனால் கேள்வி குறையுமே தவிர முற்றும் போகாது என்று கூப்பர் கண்டார். கண்டவர் அத்துடன் நில்லாமல் ஒரு படி மேலே தாவினார். யூஸ்டாக்கிக் குழாய் அடைபட்டு, நடுச்செவிக்குக் காற்று போகாமல் செவிடானவர்க்கு, நாமே பறையில் ஒரு துளை செய்து காற்றை விட்டால் என்ன? செய்தார். சிலர் அந்த நொடியே கேட்டனர். 1801இல் அவருக்குக் காப்லி பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33.

புகழ் பரவியதும் செவிடர்கள் திரள் திரளாக வந்தனர். ஆனால் கூப்பரின் துளைகள் நிலைக்கவில்லை. சில நாட்களில் அவை தாமே மூடிக்கொண்டன; செவிட்டுத்தன்மை திரும்பியது. ஏமாந்த அவர் சில ஆண்டுகளில் காது வைத்தியத்தையே விட்டொழித்தார். வியன்னாவில் பொலிட்சர் 1868இல் துளையில் ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார். அமெரிக்கரான ஆர்ம்ஸ்ட்ராங் 1954இல் சிறு வினைல் குழாய் வைத்த பிறகே துளையைத் திறந்து வைக்கும் கலை வழக்கத்தில் நிலைத்தது.

கூப்பரின் தோல்வி அவர் பெற்ற பதக்கத்தைவிட மதிப்புடையது என்பேன். நல்ல பறையில் மனிதன் கீறிய துளை, வேண்டாமென்றாலும் மூடிக்கொள்கிறது. நோய் செய்த துளையோ ஆண்டுக்கணக்கில் மூடுவதில்லை. பறை ஒன்றுதான், துளையும் துளைதான். வேறுபாடு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேளாமலே, துளையை அடைக்கப் பாடுபட்டவர்களின் வரிசை ஒன்று உண்டு. 1640இல் ஜெர்மானியரான மார்க்குஸ் பான்ட்ஸர் ஒரு சிறு குழலின் முனையில் பன்றியின் நீர்ப்பையைப் போர்த்திச் செயற்கைப் பறை செய்யலாம் என்றார். 1841இல் இலண்டனில் ஜேம்ஸ் இயர்ஸ்லியிடம் வந்த ஒரு நியூயார்க் நோயாளி, தானே காகிதத்தைச் சுருட்டி எச்சிலில் நனைத்துக் காதுக்குள் வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கிறது என்றாராம். வைத்தியர் நோயாளியிடம் கற்றுக்கொண்டார். காகிதத்துக்குப் பதில் ஈரப்பஞ்சு உருண்டை. 1853இல் ஜோசப் டாயின்பி, வெள்ளிக் கம்பியில் கோத்த ரப்பர் தட்டு ஒன்றைச் செய்தார். இந்த டாயின்பி சாதாரண மனிதரல்லர். வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பியின் பாட்டனார். ஏறத்தாழ 2000 காதெலும்புகளைத் தம் கையால் அறுத்துப் பார்த்தவர். நரம்புச் செவிடு என்று தள்ளப்பட்ட பலரின் நோய் உண்மையில் நடுச்செவியில் இருந்ததைக் காட்டியவர். காதிரைச்சலுக்கு மருந்து காண வேண்டித் தம்மீதே சோதனை செய்து, குளோரோபாரமும் ஹைட்ரோசயானிக் அமிலமும் கலந்த ஆவியை முகர்ந்து, 1866இல் தம் மருத்துவ அறையிலேயே இறந்து கிடந்தார். ஆனால் அவருடைய ரப்பர் தட்டும் சீழ் வற்றாத காதில் அயற்பொருளாய்ப் போய் உறுத்தியது. ஒழுகும் கூரையின் அடியில் தரையை மெழுகுவது போன்ற வேலை அது.

அதே 1853ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து வில்லியம் வைல்டு தம் காது வைத்திய நூலை வெளியிட்டார். கண்ணுக்கும் காதுக்கும் என 1844இல் ஒரு மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் அவர். காது வடிதலை அற்பமென விட்டுவிடும் பெற்றோரையும், நிறுத்தினால் ஆபத்து எனப் பயமுறுத்தும் வைத்தியரையும் அவர் ஒருங்கே கண்டித்தார். காது வடியும் வரையில் அது எப்போது, எங்கே, எப்படி முடியும் என்று எவராலும் சொல்ல இயலாது என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தால், தோலையும் எலும்பின் மேற்சவ்வையும் எலும்பு வரை கீறிச் சீழை வெளியேற்றவும் அவர் வழி சொன்னார். அந்தக் கீறலுக்கு அவர் பெயரே வழங்குகிறது. எலும்பைத் திறக்க மட்டும் அவர் துணியவில்லை.

துணியாமைக்குக் காரணம் உண்டு. 1776இல் பிரஷ்யப் படையின் ரண வைத்தியர் யாஸர் மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து ஒருவரைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் 1791இல் டென்மார்க் அரண்மனை வைத்தியர் பெர்கர், சீழ் இல்லாத வெறும் செவிட்டுக்கும் இரைச்சலுக்கும் அதே ரண சிகிச்சையைத் தமக்குச் செய்வித்துக்கொண்டு, சில நாட்களில் மூளையுறை அழற்சி கண்டு மாண்டார். ஒரு பெரிய மனிதரின் சாவு ஒரு நல்ல சிகிச்சையை எண்பது ஆண்டுகள் புதைத்துவிட்டது. ஹாலே நகரின் ஹெர்மன் ஷ்வார்ட்ஸே, தம் துணைவர் ஐசலுடன் 1873இல் எழுதிய கட்டுரையாலேதான் அது மீண்டும் எழுந்தது. எவருக்குச் செய்ய வேண்டும், எவருக்குக் கூடாது என்று வரையறுத்ததே அவர் செய்த பெரும் தொண்டு. கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் இன்னும் உள்ளே போனார். மூளைக்குள் சென்ற கட்டியையே திறந்தார். 1893இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி ரண சிகிச்சை பெற்ற 19 பேரில் 18 பேர் பிழைத்தனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றும் இல்லாத காலத்தில்.

இனி, விட்ட கேள்விக்கு வருவோம். விடை தந்தது ஒரு கண்ணாடி. நடுவில் துளையுள்ள குழியாடியால் வெளிச்சத்தைக் காதுக்குள் பாய்ச்சிப் பார்க்கும் முறையை 1841இல் ஹோப்மன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் சொல்லியும் எவரும் கேட்கவில்லை. 1855இல் பான் ட்ரோல்ட்ஷ் அதைப் பரப்பினார். அன்று முதல் செவிப்பறையை உயிருள்ளவரிடமே தெளிவாகக் காண முடிந்தது. கண்டபோது துளைகள் எல்லாம் ஓரினமல்ல என்று புலப்பட்டது.

ஒருவகைத் துளை பறையின் நடுப்பகுதியில் விழுவது. சுற்றிலும் பறையின் விளிம்பு எஞ்சியிருக்கும். சளி பிடிக்கும்போதோ, குளத்தில் முழுகும்போதோ காது வடியும், பிறகு உலரும். இங்கே தொண்டைக் குழாய் வழியாகவும் வெளிக்காது வழியாகவும் கிருமி மீண்டும் மீண்டும் ஏறி உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. துளையின் ஓரத்தில் வெளித்தோலும் உட்சவ்வும் சந்தித்துத் தழுவிக்கொண்டுவிடுகின்றன. அப்படி ஓரம் ஆறிவிட்டபின் துளை மூட வழியில்லை. கூப்பரின் துளை பச்சைப் புண், ஆகவே மூடியது. நோயாளியின் துளை ஆறிப்போன புண். ஆகவே திறந்தே நின்றது. துளையால் கிருமி வருகிறது, கிருமியால் துளை நிலைக்கிறது.

மற்றொரு வகை, பறையின் மேற்பகுதியில் விளிம்பை ஒட்டியிருப்பது. அங்கே நார் அடுக்கு வலுவற்றது; பறை தளர்ந்திருக்கும். 1832இல் ஷ்ராப்னெல் என்னும் ஆங்கிலேயர் விவரித்த பகுதி அது. இவ்வகைக் காதில் வடிவது குறைவு, ஆனால் நாற்றம் மிகுதி. உள்ளே முத்துப்போல் வெள்ளையான ஒரு கட்டி. குருவெயே என்ற பிரெஞ்சு அறிஞர் அத்தகைய கட்டியை 1829இல் முத்துக் கட்டி என்றார். யோஹன்னஸ் முல்லர் 1838இல் கொலஸ்டியடோமா என்று பெயரிட்டார். கொழுப்புக் கட்டி என்னும் பொருள்பட அமைந்த அப்பெயர் முற்றிலும் பொருந்தாதது. உண்மையில் அது தோல். 1888 முதல் 1890 வரை ஹாபர்மன், பெட்ஸோல்டு இருவரும் அதன் பிறப்பை விளக்கினர். செவிப்பறையின் தோல் நம் உடலின் மற்றத் தோலைப்போல் உதிர்வது மட்டுமன்று. நடுவிலிருந்து வெளிப்புறமாக மெல்ல நகர்ந்து தன் குப்பையைத் தானே வெளியேற்றிக்கொள்வது. யூஸ்டாக்கிக் குழாய் அடைபட்டு உள்ளே காற்று வற்றினால், தளர்ந்த பறை உள்ளே இழுக்கப்பட்டுப் பைபோல் குழிகிறது. அந்தப் பைக்குள் உதிர்ந்த தோல் வெளியேற வழியின்றித் தங்கி, பெருகி, எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. பார்ப்பவருக்கு அது துளை. உண்மையில் அது துளையே அன்று. வழி தவறி உள்ளே போன பறை. இங்கே பறை நோயால் கெட்டது என்பதைவிட, பறையே நோயாயிற்று என்பது பொருந்தும். இதை அடைத்து மூடினால் அரிக்கும் பொருளை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். "தடுத்தால் தலைக்கு ஏறும்" என்ற பழைய அச்சத்தில் ஒரு துளி உண்மை இருந்ததென்றால் அது இந்த இடத்தில்தான்.

இவ்வளவும் தெரிந்துவிட்ட காலத்திலே, வில்லியம் வைல்டின் சொந்த மகனையே இந்நோய் கொண்டுபோனது என்பதை எண்ணுந்தோறும் என் மனம் கனக்கிறது. நாடக ஆசிரியர் ஆஸ்கார் வைல்டுதான் அந்த மகன். தந்தை 1876இல் மறைந்தார். 1895இல் சிறைப்பட்ட மகன், 1896 ஜூலையில் உள்துறை அமைச்சருக்கு விடுத்த மனுவில், வலக்காதில் கட்டி உடைந்து பறை துளைபட்டதையும், கேள்வி மங்கியதையும், தக்க சிகிச்சை கிடைக்காததையும் எழுதினார். 1897இல் விடுதலை. 1900 அக்டோபர் 10ஆம் நாள் பாரிசு விடுதியறையிலேயே காதில் ரண சிகிச்சை நடந்தது. நவம்பர் 30இல் மூளையுறை அழற்சியால் மாண்டார், வயது 46. அருகிருந்த வைத்தியர்கள் வலக்காதின் பழஞ்சீழையே காரணமாக எழுதினர். பிற்காலத்தார் வேறு நோய்க் கதைகள் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் ஆதாரங்களைத் திரும்ப ஆராய்ந்த மருத்துவர்கள் காது நோயே என்றும், கொலஸ்டியடோமாவாகவே இருக்கலாம் என்றும் முடிவு கண்டனர்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிலிருந்த சிகிச்சை உயிரைக் காத்தது, கேள்வியைப் பலிகொடுத்தது. மாஸ்டாய்டும் நடுச்செவியும் ஒரே குழியாகக் குடையப்பட்டன. எஞ்சிய பறையும் சிற்றெலும்புகளும் பெரும்பாலும் அகற்றப்பட்டன. 1935க்குப் பின் சல்பா மருந்துகளும், 1940களில் பென்சிலினும் வந்து, திடீரென மூளைக்கு ஏறும் ஆபத்தைக் குறைத்தன. ஆனால் நாட்பட்ட துளையை எந்த மாத்திரையும் மூடவில்லை. 1921இல் ஸ்டாக்ஹோமில் நீலேன் என்பவர் முதன்முதலாக உருப்பெருக்கியின் கீழ்க் காதில் ரண சிகிச்சை செய்திருந்தார். 1953இல் ட்ஸைஸ் கம்பெனியின் ரண சிகிச்சை மைக்ராஸ்கோப் வந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் வுல்ஷ்டைன், ட்ஸோல்னர் இருவரும், நோயை முற்றும் களைந்து, பின்னர் பறையையும் ஒலி செல்லும் வழியையும் புதுப்பிக்கும் முறையை வகுத்தனர். முதலில் நோய், பிறகு துளை என்ற இந்த வரிசையே பான்ட்ஸர் காலம் முதல் விட்டுப்போயிருந்தது.

அவர்கள் பறைக்கு ஒட்டுப்போட உடலின் தோலைத்தான் எடுத்தனர். சில காதுகளில் அந்த ஒட்டுத்தோலே உள்ளே உதிர்ந்து தங்கி, எந்தக் கட்டியை அகற்றினார்களோ அதையே மீண்டும் உண்டாக்கியது. ஆகவே தோலைக் கைவிட்டு வேறு பொருள் தேடினர். 1950களின் இறுதியில் அது அகப்பட்டது: காதுக்கு மேலே, நாம் மெல்லும்போது அசையும் பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறச் சவ்வு. அதில் உதிரும் தோல் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, காது வடியும் மக்களை ஆறரைக் கோடிக்கும் முப்பத்துமூன்று கோடிக்கும் இடையே மதிப்பிட்டது. அவர்களில் நூற்றுக்கு 60 பேர் கேள்விக் குறை உடையவர் என்றும், நோய் மிகுந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்றும் குறித்தது. என்னிடம் வருவோர் முதலில் கேட்பது, "துளையை அடைத்துவிட முடியுமா?" என்பதே. துளை எங்கே இருக்கிறது, காது உலர்ந்திருக்கிறதா, நாற்றம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்பது அவர்களுக்கு வியப்பாயிருக்கும். காது உலர்ந்து, துளை நடுவில் இருந்தால், ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கிறோம். காதுக்குப் பின்னால் மடல் மடியும் இடத்தில் கத்தி வைத்து, சற்று மேலே அந்த வெண்சவ்வைத் தேடி எடுக்கிறோம். அந்தக் கீறலுக்கு இன்றும் வைல்டு கீறல் என்றே பெயர்.